ஒரே சொல்லில் முப்பது ஆண்டு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

‘ஆங்கிலத்தில் ஒரே சொல் பல பொருள் தருவது வளமா, வில்லங்கமா?’ என்பது தலைப்பு. வில்லங்கமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய ஐயா, ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் 645 பொருள் பிரித்திருக்கிறார்கள் என்றார். சரி. ஆறு ஓடுவதும், கடை நடத்துவதும், தேர்தலில் நிற்பதும் அந்த ஒரே சொல்தான். “சூழலைப் பார்த்தால் பொருள் தெரிந்துவிடும், அப்புறம் என்ன குழப்பம்?” என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தச் சூழலைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன்.

‘யூஸ்’ என்று ஒரு சொல். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல். போதைப்பொருள் குற்றத்தில் துப்பாக்கியை ‘யூஸ்’ செய்தால் கூடுதல் தண்டனை என்கிறது அமெரிக்கச் சட்டம். ஸ்மித் என்பவர் தன்னிடம் இருந்த இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக இரண்டு அவுன்ஸ் கொக்கெய்ன் வாங்கப் பேரம் பேசினார். எதிரே இருந்தவர் மாறுவேடத்தில் வந்த போலீஸ்காரர். அந்தப் பேரத்தில் ஸ்மித் யாரையும் சுடவில்லை, யாரையும் மிரட்டவும் இல்லை. துப்பாக்கியைப் பண்டமாற்றாகக் கொடுக்கப் பார்த்தார், அவ்வளவுதான். அது ‘யூஸ்’ ஆகுமா?

1993-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆகும் என்றது. இயந்திரத் துப்பாக்கி என்பதால் கட்டாயத் தண்டனை முப்பது ஆண்டு! நீதிபதி ஓ’கானர் அகராதியைப் புரட்டி, எதையாவது தன் காரியத்துக்குக் கொள்வதெல்லாம் ‘யூஸ்’தான் என்று எழுதினார். இன்னொரு நீதிபதி ஸ்காலியா மறுத்தார். “நீங்கள் கைத்தடி யூஸ் செய்கிறீர்களா?” என்று ஒருவர் கேட்டால், தாத்தாவின் வெள்ளிப் பிடி போட்ட தடியைக் கூடத்தில் அழகுக்கு வைத்திருக்கிறீர்களா என்றா கேட்கிறார்? அதை ஊன்றி நடக்கிறீர்களா என்றுதானே கேட்கிறார்?

ஒன்பது நீதிபதிகளும் ஆங்கிலத்திலேயே சட்டம் படித்தவர்கள். எல்லார் முன்னாலும் ஒரே வாக்கியம், ஒரே வழக்கு, ஒரே சூழல். ஆறு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். ஐயா, அந்தச் சூழல் ஏன் பொருளைச் சொல்லவில்லை?

இதோடு முடியவில்லை. 2007-இல் வாட்சன் வழக்கு. இவர் போதை மாத்திரையைக் கொடுத்துத் துப்பாக்கி வாங்கினார். அது ‘யூஸ்’ ஆகாது என்றது அதே நீதிமன்றம். ஒரே பண்டமாற்றில் துப்பாக்கி கொடுத்தவருக்கு ஒரு பொருள், வாங்கியவருக்கு இன்னொரு பொருள். நீதிபதி கின்ஸ்பர்கே, பழைய ஸ்மித் தீர்ப்பையே ரத்து செய்யலாம் என்று தனியாக எழுதினார். வளம் என்று சொல்லும் நண்பர்கள் அந்த முப்பது ஆண்டுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

போரில்கூட இப்படி நடந்திருக்கிறது. சர்ச்சில் எழுதிவைத்திருக்கிறார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வோம் என்றார்கள் பிரிட்டிஷ் அதிகாரிகள். அவர்கள் ஊரில் அதற்கு உடனே விவாதிப்போம் என்று பொருள். அமெரிக்கர்களுக்கோ ஒத்திவைப்போம் என்று பொருள். இரண்டு தரப்பும் விரும்பியது ஒன்றே. ஆனாலும் நெடுநேரம் சண்டை.

கடைசியாக, சட்ட வாசகங்களில் வரும் ‘ஷால்’ (shall). 2007-இல் அமெரிக்க உரிமையியல் நடைமுறை விதிகளைத் திருத்தி எழுதியவர்கள் அந்தச் சொல்லையே நீக்கினார்கள். செய்தே ஆகவேண்டும் என்றும் வரும், செய்யலாம் என்றும் வரும் என்று காரணமும் சொன்னார்கள். நடுவர் அவர்களே, அந்த மொழியில் சட்டம் எழுதுகிறவர்களே வேண்டாமென்று ஒதுக்கியதை எதிரணி எப்படி வளம் என்கிறது? பதிலை அடுத்து வருகிறவர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.