ரிப்போர்ட்டில் இருக்கிறது, உடம்பில் இல்லை

வணக்கம். மகரந்த ஒவ்வாமை பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு இதெல்லாம் அனுபவிக்கிறவர்களுக்குத் தெரிந்த கதைதான், அதைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. அந்தத் தும்மல்காரர்கள் உணவு ஒவ்வாமைக்கு டெஸ்ட் எடுக்கப் போனால் நடக்கிற ஒரு கூத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

ஒருவர் என்னிடம் வந்தார், நாற்பது வயது இருக்கும். கையில் நான்காக மடித்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். மடிப்பில் கிழிகிற அளவுக்கு அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார். வருஷா வருஷம் மகரந்தக் காலத்தில் தும்மித் தவிக்கிறவர், எதற்கும் இருக்கட்டும் என்று உணவுகளுக்கும் சேர்த்து மொத்தமாக ஒரு பரிசோதனை எடுத்துவிட்டார். கோதுமை பாசிட்டிவ், வேர்க்கடலை பாசிட்டிவ், சோயா பாசிட்டிவ், தக்காளி பாசிட்டிவ். எட்டு மாதமாக நான்கையும் தொடவில்லை, ஆள் இளைத்துப் போயிருந்தார். இந்த ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் இதையெல்லாம் சாப்பிட்டால் என்ன செய்தது என்று கேட்டேன். "ஒன்றும் செய்யாது டாக்டர், சின்ன வயசிலிருந்து சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தேன்" என்றார். சரி, வேறு எதையாவது சாப்பிட்டால் வாய் அரிக்குமா? கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: ஆப்பிளைக் கடித்துத் தின்றால் உதடும் தொண்டையும் நமநமவென்று இருக்கும், கால் மணி நேரத்தில் தானாகப் போய்விடும், வேகவைத்துத் தின்றால் ஒரு தொந்தரவும் இல்லை. ரிப்போர்ட்டில் ஆப்பிளைத் தேடினேன். நெகட்டிவ்.

ஆக, எதைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதோ அதெல்லாம் பாசிட்டிவ், எது அரிக்கிறதோ அது நெகட்டிவ். பரிசோதனைக்கூடம் தப்புச் செய்துவிட்டதா? இல்லை. அந்தப் பரிசோதனை பார்க்கிற விஷயமே வேறு.

ரத்தத்தில் ஐஜிஇ என்றொரு எதிர்ப்புப் புரதம் இருக்கிறது, அந்தப் பரிசோதனை தேடுவது அதைத்தான். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும் ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் என்ற இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. மகரந்தத்தைப் பார்த்து உருவான ஐஜிஇ, மகரந்தத்தை முழுசாக அடையாளம் வைத்துக்கொள்வதில்லை, அதிலுள்ள ஒரு புரதத்தின் முகஜாடையைத்தான் வைத்துக்கொள்கிறது. சிக்கல் அங்கேதான். பிர்ச் மர மகரந்தத்தில் பெட் வி 1 என்றொரு புரதம் உண்டு, அதன் மரபணுவை 1989இல் பிரித்தெடுத்தார்கள். ஆப்பிள், செர்ரி, பீச், ஹேசல்நட், கேரட், செலரி, சோயா, வேர்க்கடலை எல்லாவற்றிலும் அதற்குச் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் மாதிரி புரதங்கள் இருக்கின்றன. ஜாடையைப் பார்த்து ஐஜிஇ போய் ஒட்டிக்கொள்கிறது. ஆப்பிள் கடித்தால் வாய் நமநமப்பது இதனால்தான். இந்தப் புரதம் ரொம்ப சோனி. சூடு தாங்காது, வயிற்று அமிலமும் தாங்காது, வாயைத் தாண்டினால் பெரும்பாலும் கதை முடிந்தது. வேகவைத்த ஆப்பிள் ஒன்றும் செய்யாததும் இதனால்தான்.

இதையும் தாண்டி, பிரொஃபிலின் என்று ஒரு புரதம் அநேகமாக எல்லாத் தாவரங்களிலும் இருக்கிறது. தாவரப் புரதங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சில சர்க்கரைத் துணுக்குகளும் அப்படியே. புல் மகரந்தத்தால் இவற்றுக்கு எதிராக ஐஜிஇ உருவாகிவிட்டது என்று வையுங்கள், ரத்தப் பரிசோதனையில் கோதுமை, வேர்க்கடலை, தக்காளி என்று வரிசையாகப் பாசிட்டிவ் வரும். அந்தச் சர்க்கரைத் துணுக்குக்கு எதிரான ஐஜிஇ பெரும்பாலானவர்களுக்கு ஒரு அறிகுறியையும் உண்டாக்குவதில்லை. கோதுமையும் புல்தான், அது நினைவிருந்தால் பாதி ரிப்போர்ட் புரிந்துவிடும்.

அப்புறம் அந்த எண்கள். பல ஆய்வகங்கள் 0.35க்கு மேல் போனால் பாசிட்டிவ் என்று அச்சடிக்கின்றன, பக்கத்தில் 0 முதல் 6 வரை வகுப்பு வேறு போடுகிறார்கள். வகுப்பு 4 என்று பார்த்ததும் பயந்துபோய் வருகிறவர்கள் உண்டு. அது ஐஜிஇ எவ்வளவு இருக்கிறது என்பதன் கணக்கு. சாப்பிட்டால் எவ்வளவு மோசமாக வரும் என்பதன் கணக்கு இல்லை.

தோலில் செய்யும் சோதனையைப் பார்த்திருப்பீர்கள். முன்கையில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டுச் சாறு வைத்து, சின்ன முள் மாதிரி ஒன்றால் லேசாகக் குத்துவோம், ரத்தம் வராது. ஒரு சொட்டு வெறும் உப்புநீர், ஒரு சொட்டு ஹிஸ்டமின், அதாவது அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குகிற பொருள். உப்புநீர் தடிக்கக் கூடாது, ஹிஸ்டமின் தடித்தே ஆகவேண்டும். தடிக்கவில்லை என்றால் அலர்ஜி மாத்திரையை நிறுத்தாமல் வந்திருக்கிறார் என்று பெரும்பாலும் அர்த்தம், சில நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். 15 நிமிஷம் கழித்து அளவுகோல் வைத்து அளப்போம், உப்புநீர்த் தடிப்பைவிட 3 மில்லிமீட்டர் அதிகம் இருந்தால் பாசிட்டிவ்.

அவருக்கு, இந்தச் சோதனைக்கென்றே பாட்டிலில் வருகிற ஆப்பிள் சாற்றைக் குத்தினேன், ஒன்றுமில்லை. அந்தச் சோனிப் புரதம் சாறு தயாரிக்கும்போதே சிதைந்துபோகும், பாட்டிலை நம்பினால் ஆப்பிள் நிரபராதி. அடுத்து ஒரு நிஜ ஆப்பிளை எடுத்து, முள்ளை முதலில் ஆப்பிளில் குத்தி, அதே முள்ளால் அவர் கையில் குத்தினேன். பத்து நிமிஷத்துக்குள் கொசு கடித்த மாதிரி வெளிறிய திட்டு, சுற்றிலும் சிவப்பு. சொறியப் போன அவர் கையைத் தட்டிவிட வேண்டியிருந்தது.

வேர்க்கடலைக்கு அடுத்த கட்டப் பரிசோதனை. முழுக் கடலையாகப் பார்க்காமல் அதிலுள்ள புரதங்களைத் தனித்தனியாகப் பார்ப்பது. ஆரா எச் 2 என்ற கடலைப் புரதம் சூட்டுக்கும் அமிலத்துக்கும் அசராது, அது பாசிட்டிவ் என்றால் நிஜமான கடலை ஒவ்வாமைக்கு வாய்ப்பு அதிகம். ஆரா எச் 8 என்பது மகரந்தச் சொந்தக்காரன், அது மட்டும் தனியாக இருந்தால் பெரும்பாலும் வாய் நமைச்சலோடு போய்விடும், பலருக்கு அதுகூட இருக்காது. இவருக்கு ஆரா எச் 8 பாசிட்டிவ், ஆரா எச் 2 நெகட்டிவ்.

இதைக் கேட்டுவிட்டு, மகரந்த அலர்ஜிக்காரர்களுக்கு உணவில் ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிர்ச் ஒவ்வாமை உள்ளவர்கள் சோயா பாலை மடமடவென்று குடித்துக் கடுமையான எதிர்வினைக்கு ஆளானது உண்டு. பீச் போன்ற பழங்களில், தோலில் முக்கியமாக, சூடு தாங்கும் இன்னொரு வகைப் புரதம் இருக்கிறது, அதனால் வருகிற ஒவ்வாமை வேகவைத்தாலும் விடாது, சாப்பிட்டதும் ஓடியாடினாலோ சில வலி மாத்திரைகள் போட்டாலோ இன்னும் மோசமாகும். வாய் அரிப்போடு நிற்காமல் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சிறைப்பு, வாந்தி, தலைசுற்றல் என்று ஒருமுறை வந்திருந்தாலும் அது வேறு கதை. ரிப்போர்ட் நெகட்டிவ் என்று காட்டினாலும் விடக்கூடாது, அவசரத்துக்கு அட்ரினலின் ஊசி கையில் வைத்துக்கொள்ள வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டே ஆகவேண்டும்.

ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கிற பரிசோதனை ஒன்றையும் விற்கிறார்கள், நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஒரே ரத்தத்தில். அது நீங்கள் எதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும். காசு உங்களுடையது, வேறென்ன சொல்ல.

தேவையில்லாமல் நிறுத்துவதும் சும்மா போகிற விஷயமில்லை. தோல் அழற்சி உள்ள சில குழந்தைகள், அதுவரை தாங்கிக்கொண்டிருந்த உணவை ரிப்போர்ட்டைப் பார்த்து நிறுத்திவிட்டுப் பல மாதம் கழித்துத் திரும்பக் கொடுத்தபோது கடுமையாக எதிர்வினை காட்டியிருக்கின்றன. அதனால் என்னைப் பார்க்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது: எதைச் சாப்பிட்டீர்கள், பச்சையாகவா வேகவைத்தா, எவ்வளவு, எத்தனை நிமிஷத்தில் என்ன ஆனது, அடுத்த தடவை சாப்பிட்டபோதும் ஆனதா, எந்த மாதம். எந்தப் பரிசோதனை எடுப்பது என்று இதற்கப்புறம்தான் யோசிப்பேன், பல பேருக்கு ஒன்றுமே தேவைப்படாது.

அவர் எட்டு மாதம் நிறுத்தியிருந்ததால் வீட்டில் தின்று பாருங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. மருத்துவமனையில் உட்காரவைத்து, அவசர மருந்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துளியூண்டில் ஆரம்பித்து இருபது இருபது நிமிஷ இடைவெளியில் கடலையைக் கொடுத்துக்கொண்டே போனோம். முதல் வாய்க்கு அவர் கை நடுங்கியது, நான்காவது வாய்க்கு உப்பு இல்லையா என்று கேட்டார். எல்லாம் முடிந்து இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு அனுப்பினோம். மற்ற மூன்றும் அடுத்தடுத்து ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஆப்பிளை மட்டும் இப்போதும் வேகவைத்துத்தான் தின்கிறார்.