விமான நிலையத்தோடு நின்றுவிட்ட ரயில்

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, வண்டலூர் பக்கமிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். விமான நிலையத்தோடு நிற்கும் மெட்ரோ ரயிலைக் கிளாம்பாக்கம் வரை நீட்ட வேண்டும் என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். நல்ல கட்டடம், விசாலமான இடம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அதுவரை தென் மாவட்டப் பேருந்துகள் போய் நின்ற கோயம்பேட்டில், இறங்கினால் பக்கத்திலேயே மெட்ரோ. 2015இல் சென்னையின் முதல் மெட்ரோ ரயில் ஓடியதே கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் நடுவில்தான். மெட்ரோ இருந்த இடத்திலிருந்து பயணிகளைக் கிளப்பி, மெட்ரோ இல்லாத இடத்தில் இறக்கிவிட்டோம். முனையம் திறந்த அன்று பக்கத்தில் மின்சார ரயில் நிலையம்கூட இல்லை. வரிசை தலைகீழாகப் போனது இங்கேதான்.

மெட்ரோ 2016 முதல் விமான நிலையத்தோடு நிற்கிறது. அங்கிருந்து கிளாம்பாக்கம் சுமார் 15 கிலோமீட்டர். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று, தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையை ஒட்டி மெட்ரோவை நீட்ட 13 நிலையங்கள், 9,335 கோடி ரூபாய் என்று திட்ட அறிக்கை சொல்கிறது.

"அதே வழியில்தான் மின்சார ரயில் ஓடுகிறதே, இது எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. கடற்கரை - தாம்பரம் பாதையில் 1931இலிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. ஐந்து ரூபாய் டிக்கெட், மாத சீசன். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிற பெண்கள் அதை விட்டு மெட்ரோவுக்கு வர மாட்டார்கள், வரவும் வேண்டாம். அதனால் மெட்ரோ வருகிறது என்று சொல்லி மின்சார ரயில்களைக் கூட்டாமல் விட்டால் நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. மாம்பலம், எழும்பூர் போகிறவர்களுக்கு அந்த ரயில் போதும். வடபழனி, அண்ணா நகர், ஆயிரம் விளக்கு போகிறவர்கள்தான் நடுவழியில் இறங்கி மாறித் தவிக்கிறார்கள். மெட்ரோ அவர்களுக்கு வேண்டும். இரண்டும் வேண்டும். பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் ஒன்றிலிருந்து இறங்கி, ஜி.எஸ்.டி. சாலையில் லாரிக்கு நடுவே ஓடாமல், மேம்பாலத்தில் லிஃப்டோடு மற்றொன்றுக்கு மாற வழி வேண்டும். அதை இப்போதே வரைபடத்தில் போட்டாக வேண்டும், பாதை கட்டி முடித்த பிறகு அல்ல.

அப்புறம் நிலம். தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயிலை வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு நீட்டும் வேலை 2008இல் தொடங்கியது. மொத்தமே ஐந்து கிலோமீட்டர்தான். நடுவில் அரை கிலோமீட்டர் அளவு நிலம் கிடைக்காமல் எத்தனை வருஷம் முடங்கிக் கிடந்தது! கட்டிய தூண்கள் வெயிலில் காய்ந்ததை ஆதம்பாக்கத்துக்காரர்கள் தினமும் பார்த்தார்கள். நிலம் தருபவருக்கு உரிய விலையை முதலிலேயே கொடுங்கள், வழக்கு குறையும், வேலை ஓடும்.

கடைசியாக அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருகிற பேருந்துகள் விடிகாலை நான்கு மணிக்கே வந்துவிடுகின்றன. சென்னையில் மெட்ரோ ஐந்து மணிக்குத்தான் ஓடத் தொடங்குகிறது. பெட்டியும் குழந்தையுமாக வந்து இறங்குகிறவர் அந்த ஒரு மணி நேரம் காத்திருக்க மாட்டார், கேட்ட காசைக் கொடுத்து ஆட்டோவில் ஏறிவிடுவார். கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ வரும்போது அங்கிருந்து முதல் ரயில் நான்கு மணிக்குப் புறப்பட வேண்டும் என்று இந்தக் கூட்டத்தின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.