58 பக்கக் குறிப்பு

வணக்கம் நேயர்களே. இயக்குநர் கையிலிருந்து பிடுங்கி, அவர் விருப்பத்துக்கு மாறாக வெட்டி ஒட்டி வெளியான ஒரு திரில்லரைப் பற்றிப் பேசப் போகிறேன். அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்'.

1957-இல் எடிட்டிங் முடிவதற்குள்ளேயே யூனிவர்சல் ஸ்டுடியோ படத்தை எடுத்துக்கொண்டது, வேறொரு இயக்குநரை வைத்துச் சில காட்சிகளை எடுத்து நடுவில் செருகவும் செய்தது. அதை ஒரே ஒருமுறை பார்த்த வெல்ஸ் 58 பக்கத்துக்குக் குறிப்பு எழுதி அனுப்பினார். திட்டித் தீர்த்திருப்பார் என்றுதான் நினைப்போம், ஆனால் பணிவாக, இந்தக் காட்சியை இப்படி மாற்றலாமே, இங்கே இந்த இசை வேண்டாமே என்று கேட்டிருக்கிறார், பாவம். ஸ்டுடியோ பெரும்பாலும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1958-இல் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டும் வழக்கப்படி, இன்னொரு படத்தோடு துணைப் படமாக வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பெரிதாக எடுபடவில்லை. கதை குழப்புகிறது என்றவர்கள் பழியை வெல்ஸ் தலையில் கட்டினார்கள், அதில் வேறு கைகள் புகுந்தது பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் பிரான்ஸில், பின்னாளில் இயக்குநரான, அப்போது விமர்சகராக இருந்த த்ரூஃபோ இதைக் கொண்டாடினார். அவர் கொண்டாடியது அந்த வெட்டுப்பட்ட படத்தைத்தான்! அதனால் ஸ்டுடியோ கைவைத்துப் படம் நாசமாகிவிட்டது என்று ஒரே வரியில் முடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. எவ்வளவு வெட்டினாலும் அந்தப் படத்தின் ஒவ்வொரு ஷாட்டிலும் வெல்ஸ்தான் தெரிகிறார்.

அப்புறம் 1998-இல் எடிட்டர் வால்டர் மர்ச் அந்தக் குறிப்பை வைத்து மறுபடி எடிட் செய்தார். விமர்சகர்கள் பாராட்டினார்கள், சரிதான், ஆனால் சிலர் இதை 'இயக்குநரின் வடிவம்' என்பதை நான் ஏற்க மாட்டேன், வெல்ஸ் 1985-லேயே இறந்துவிட்டார்.

இருந்தாலும் தொடக்கக் காட்சியை மட்டும் இரண்டு வடிவங்களிலும் பாருங்கள். காரில் டைம் பாம் வைக்கிறார்கள், மூன்று நிமிடத்துக்கும் மேல் வெட்டே இல்லாமல் கேமரா எல்லை ஊரின் தெருக்களில் அலைகிறது. பழையதில் அதன் மேலே பெயர்கள் ஓடும், ஹென்றி மான்சினியின் இசை அடித்துக்கொண்டிருக்கும். புதியதில் பெயர்கள் இல்லை, வழியில் இருக்கும் மதுக்கூடங்களின் பாட்டும் கார் ரேடியோவும்தான் கேட்கின்றன. கார் திரையில் இல்லாதபோதும் அந்த ரேடியோ சத்தம் நெருங்கினால் பாம் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம்.