அறுபதுக்கு மேல் அடுப்படிக்கு வந்தவர்கள் சார்பாக

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தோழர்களே, இன்றைக்கு எங்களை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று வந்திருக்கும் எதிரணி நண்பர்களே, பொங்கல் லீவில் டிவியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் நம் குடியிருப்புப் பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம். 'வயதான காலத்தில் வீட்டுத் தோட்டத்துக் காயைப் பறித்துத் தனக்குத் தானே சமைக்கக் கற்றுக்கொள்வது விடுதலையா, வீண் வேலையா?' இதுதான் தலைப்பு. விடுதலையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய அண்ணன் ஒரு கணக்குப் போட்டார். வளர்ப்புப் பை, தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு எல்லாவற்றையும் கூட்டி, காய்த்த கத்திரிக்காயால் வகுத்து, ஒரு காய் இன்ன விலை என்று சொன்னதும் மொத்தக் கூட்டமும் கைதட்டியது. நானும்தான் தட்டினேன். லாரி ஆபீஸில் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் நான், அதில் ஓட்டை இருந்திருந்தால் விட்டிருப்பேனா? தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுக்கும் மாடித் தோட்டப் பையையும் விதையையும் வாங்கியிருந்தால் தொகை கொஞ்சம் இறங்கியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அண்ணே, நான் என்ன காய் வியாபாரமா பண்ணப் போகிறேன்?

அறுபது வயது வரை அடுப்பைப் பற்றவைக்காத ஒருவன் சமைக்க இறங்கினால் எங்கே மாட்டிக்கொள்கிறான், அதைப் பாருங்கள். கத்தி பிடிப்பதிலோ கேஸ் பற்றவைப்பதிலோ இல்லை. கடையில்தான் மாட்டிக்கொள்கிறான். கால் கிலோவுக்குக் குறைந்து கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார், நாலு வகைக் காய் வாங்கினால் ஒரு கிலோ ஆகிவிடுகிறது, தனி ஆளுக்கு அது வாரம் பூராவும் ஃபிரிட்ஜில் வாடுகிறது. சரி, செல்போனைப் பார்த்துச் செய்யலாமென்றால் எல்லாச் செய்முறையும் நாலு பேருக்கு, முழ நீளத்துக்குச் சாமான் பட்டியல் வேறு. பாதி பேர் இந்த இடத்திலேயே விட்டுவிட்டு மெஸ்ஸுக்குப் போகிறார்கள். மாடித் தோட்டத்தில் அந்தத் தொல்லை கிடையாது. காலையில் ஏறிப் போனால் ஆறு வெண்டைக்காய் இருக்கும், இல்லாவிட்டால் ரெண்டு கத்திரிக்காயும் ஒரு பிடி முளைக்கீரையும் இருக்கும். அன்றைக்கு அதுதான் சமையல். ஒரு ஆளுக்கு அளந்து வைத்த மாதிரி காய்க்கிறது, 'இன்றைக்கு என்ன செய்வது' என்ற கேள்வியும் போகிறது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் எங்கே கிடைப்பார்?

வெண்டைக்காயையே எடுத்துக்கொள்வோம். பூ விரிந்து ஐந்தாறு நாளில் காய் பறிப்புக்கு வந்துவிடும். இன்னும் ரெண்டு நாள் விட்டால் நார். நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடியவேண்டும், வளைந்துகொடுத்தால் முற்றல். இதைக் கடையில் செய்து பார்த்தால் திட்டு விழும். நம் செடியில் யார் கேட்பது? கழுவித் துணியில் ஈரம் போகத் துடைத்துவிட்டு அப்புறம்தான் நறுக்கவேண்டும், நறுக்கிவிட்டுக் கழுவினால் உள்ளே இருக்கும் பசை தண்ணீரைக் குடித்துக் கொழகொழவென்று ஆகிவிடும். அகலமான வாணலியில் எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, ரெண்டு வரமிளகாய். மூடக் கூடாது. ஒரு ஸ்பூன் தயிரோ கொஞ்சம் புளித்தண்ணீரோ விட்டால் கொழகொழப்பு அடங்கும், கடைசியில் உப்பு. முடிந்தது. இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? ஒன்றுமில்லை, நான் சொல்ல வந்ததே அதுதான். பறித்து அரை மணி நேரத்தில் வாணலிக்கு வந்த இளம் காய்க்கு மசாலாவும் வேண்டாம், இருபது வருஷக் கைப்பக்குவமும் வேண்டாம். நம் கையில் இல்லாத பக்குவம் காயில் இருக்கிறது. வாடின காயை வைத்துக்கொண்டு ருசியாகச் சமைக்கத்தான் அனுபவம் வேண்டும், அது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

இரண்டாவதாகப் பேசிய தம்பி, 'போன் பண்ணினால் சாப்பாடு வாசலுக்கு வருகிறதே, இந்த வயதில் எதற்குச் சிரமம்' என்றார். வரும் தம்பி, வரும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கீழே. இந்தக் கூட்டத்தில் பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் பாதிக் கை மேலே போகும். உங்களுக்குச் சாப்பாடு அனுப்புகிறவருக்கு உங்கள் மாத்திரையைப் பற்றி என்ன தெரியும்? அப்புறம் இன்னொன்று. ஹாலில் உட்கார்ந்து பேப்பரைப் புரட்டுகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு, மருமகள் வைத்த குக்கரின் விசிலை எண்ணுகிறோமே, அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும் நான் எதிலிருந்து விடுதலை என்கிறேன் என்று.

வீட்டுக் காயிலும் ஆபத்து இருக்கிறது என்றார் அதே தம்பி, அதையும் ஒப்புக்கொள்கிறேன், ஒரு காயைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். சுரைக்காயை நறுக்கினதும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் குப்பையில் போடுங்கள். நாமே வளர்த்ததாயிற்றே என்று பாசம் காட்டவேண்டாம். கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டசின் வேகவைத்தாலும் போகாது, வாந்தி பேதியாகி ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடும்.

இனி எதிரணியின் அக்கா. அவர் கேட்டதற்குத்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. 'ஆம்பளை ஓய்வு பெற்று ஒரு பொரியல் செய்தால் பட்டிமன்றம் வைக்கிறீர்கள், நாற்பது வருஷமாகச் சமைக்கிறோமே, எங்களுக்கு ஓய்வு எப்போது?' என்றார். நியாயமான கேள்வி. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் கைவைத்த பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செய்திருக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். அதுவும் கைவைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். அக்கா, இந்தக் கணக்கு எங்கள் அணிக்குத்தானே சாட்சி? நாங்கள் எங்கள் தட்டுக்கு நாங்களே சமைத்துக்கொண்டால் உங்கள் 299 குறையுமா, கூடுமா?

இன்னொன்றையும் யோசியுங்கள். தலைப்பில் 'தனக்குத் தானே' என்று இருக்கிறது. அது ஆண்களுக்கு மட்டுமா? எங்கள் தெருவில் ஒரு அம்மா, வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் பிடிக்காது என்று கல்யாணமான நாளிலிருந்து பாகற்காய் வாங்கினதே இல்லை. அவருக்கு உயிர் அது. இப்போது பால்கனிக் கம்பியில் மிதிபாகல் கொடியை ஏற்றிவிட்டு, குட்டிக் குட்டிக் காயாகப் பறித்து, மொறுமொறுவென்று வறுத்து, மோர்ச் சாதத்தோடு தான் மட்டும் சாப்பிடுகிறார். ஊருக்கெல்லாம் சமைத்த அந்தக் கை தனக்கென்று சமைக்க இப்போதுதான் பழகுகிறது. இதை வீண் வேலை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல எதிரணியில் யாருக்காவது தைரியம் இருக்கிறதா?

நடுவர் மணியடித்துவிட்டார். ஒரே ஒரு விண்ணப்பம். ஆடியில் போட்ட அவரை இப்போது மாடி முழுக்கக் காய்த்துத் தொங்குகிறது. மதியம் எல்லாருக்கும் எங்கள் அணியின் அவரைக்காய்ப் பொரியல் பரிமாறப்போகிறோம். எதிரணியில் யார் யார் ரெண்டாம் தரம் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் தீர்ப்பைச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.