வாணவேடிக்கை கேட்கும் தூரத்தில் ஒரு வீடு

(தெற்கு கலிஃபோர்னியாவில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த அறையில் டிஸ்னிலேண்ட் போகாதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் ஒரு கைகூட எழாது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஜெட்லாக் தெளிவதற்குள் அங்கேதான் அழைத்துப் போகிறோம். எனக்கும் பிடித்த இடம். ஆனால் இன்று நான் பேச வந்தது அந்த மதிலுக்கு வெளியே இருக்கும் தெருக்களைப் பற்றி.

சில வருடங்களாக நண்பர்களோடு சேர்ந்து, டிஸ்னிலேண்ட் இருக்கும் அனஹைம் நகரில் மோட்டல்களில் தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு வாரம் ஒருமுறை சாப்பாடு கொண்டுபோகிறேன். சுற்றுலாவுக்கு வந்தவர்கள் இல்லை. அந்த ஒற்றை அறைதான் அவர்களுக்கு வீடு. ஓர் அறையைச் சொல்கிறேன். இரண்டு கட்டில். ஒன்றில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் படுக்கிறார்கள். மற்றொன்றுதான் சாப்பாட்டு மேசை, படிப்பு மேசை, துணி மடிக்கும் இடம் எல்லாம். ரைஸ் குக்கர் குளியலறைத் தொட்டி ஓரத்தில் இருக்கிறது, ஏனென்றால் வேலை செய்யும் ஒரே பிளக் அங்கேதான். அந்த அம்மா பார்க்குக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்பவர். நாள் முழுக்க மற்றவர்களுக்குப் படுக்கை விரித்துவிட்டு இங்கே வருகிறார்.

இரவு ஒன்பதரைக்கு வாணவேடிக்கை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் நிமிரவே இல்லை. சின்னவன் எழுந்து பல் துலக்கப் போனான். பட்டாசுச் சத்தம் முடிவதற்குள் படுத்துவிட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

அலமாரியில் துணி வைப்பதில்லை. எல்லாம் பெட்டியில்தான். தொடர்ந்து 30 நாளுக்கு மேல் தங்கினால் வாடகைதாரருக்கான சட்டப் பாதுகாப்பு வந்துவிடும் என்று, 28ஆம் நாளே காலி செய்யச் சொல்லி, பிறகு மறுபடி புதிதாகப் பதிவு செய்யும் வழக்கம் சில மோட்டல்களில் உண்டு. இந்தத் தந்திரத்தைக் கலிஃபோர்னியச் சட்டமே தடுக்கிறது. ஆனால் புகார் கொடுத்துவிட்டு அன்றிரவு பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது?

சரி, இந்த நிலை எப்படி வந்தது? 1955இல் ஆரஞ்சுத் தோப்புகளை அழித்து வந்தது பார்க். 1994இல் நகராட்சி அதைச் சுற்றி ஏறத்தாழ 1,100 ஏக்கரை ரிசார்ட் வட்டாரம் என்று ஒதுக்கியது. ஹோட்டல், கடை, மாநாட்டு மண்டபம், இவற்றுக்கான நிலம். 1997இல் நகராட்சி 51 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டது. சாலை, நடைபாதை, மரங்கள், கூடவே பத்தாயிரம் கார்களுக்கு மேல் நிற்கும் அடுக்குமாடி நிறுத்தகம். நாம் எல்லோரும் காரை விட்ட இடம்தான் அது. அதை டிஸ்னிக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள், ஆண்டு வாடகை ஒரு டாலர்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2007இல் சன்கால் என்ற கட்டுமான நிறுவனம், ரிசார்ட் வட்டாரத்துக்குள் டிரெய்லர் வீடுகள் நின்றிருந்த சுமார் 26 ஏக்கரில் 1,500 வீடு கட்ட வந்தது. அதில் 225 மட்டும் குறைந்த வருமானக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகை வீடுகள். மொத்தத்தில் 15 சதவீதம். அதற்கே பெரும் சண்டை. டிஸ்னி எதிர்த்தது, நகராட்சி மீது வழக்குப் போட்டது, அந்த வட்டாரத்தில் வீடு கட்டுவதென்றால் மக்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்று கையெழுத்து திரட்டும் இயக்கத்துக்குப் பின்னால் நின்றது. மேயர் கர்ட் பிரிங்கிளும் திட்டத்தை ஆதரிக்கவில்லை. அருகில் கடை திறக்கவிருந்த ஒரு நகர மன்ற உறுப்பினர் முதலில் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றதால் மன்றம் இரண்டுக்கு இரண்டாகப் பிளந்தது. பிறகு அவர் திரும்பி வந்ததும் மூன்றுக்கு இரண்டில் திட்டம் நிறைவேறியது. கடைசியில் அந்த 1,500 வீடுகளில் ஒன்றுகூட எழவில்லை.

எதிர்த்தவர்கள் பக்கமும் பேச வேண்டும். ஹோட்டல் அறைக்கு நாம் கட்டும் 15 சதவீத வரிதான் அனஹைம் நகராட்சியின் பெரிய வருமானம். போலீஸ், நூலகம், தெருவிளக்கு எல்லாம் அதில்தான் ஓடுகிறது. அந்த நிலத்தைச் சிறுகச் சிறுக வீட்டுக்குக் கொடுத்தால் வருமானம் குறையும், வீட்டுக்கு வேறு இடம் இருக்கிறது என்றார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த வரி வருவது யாரால்? அறையைச் சுத்தம் செய்து தருபவரால் அல்லவா? காருக்கு ஒரு டாலர் வாடகையில் இடம் கிடைத்த வட்டாரத்தில், 225 குடும்பங்கள் தங்கினால் சுற்றுலா கெட்டுவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு நினைவுக்கு வருகிறது. ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிசெய்யும் ஆடல் மகளிரை, கொண்டுவந்து கோயிலைச் சுற்றிக் குடியமர்த்தினான். எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு என்று கல்லில் இருக்கிறது. அவர்கள் விரும்பி வந்தார்களா என்பது தனிக் கேள்வி, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் அவர்கள் இருக்க வீடும் வேண்டும் என்பது அன்றைய கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

2018இல் தொழிற்சங்கங்களின் ஏற்பாட்டில் டிஸ்னிலேண்ட் ஊழியர் 5,000 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஏதோ ஒரு சமயம் வீடில்லாமல் இருந்ததாகப் பத்தில் ஒருவருக்கு மேல் சொன்னார்கள். டிஸ்னி அந்த ஆய்வை ஏற்கவில்லை. அதே ஆண்டு நகராட்சியிடம் வரிச் சலுகை பெறும் ரிசார்ட் நிறுவனங்கள் மணிக்கு 15 டாலர் தர வேண்டும் என்று அனஹைம் மக்கள் வாக்களித்தார்கள். இது தங்களைக் கட்டுப்படுத்தாது என்று டிஸ்னி வாதாடியது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கட்டுப்படுத்தும் என்றது. அடுத்த ஆண்டு ஊழியர்களுக்கு 23 கோடியே 30 லட்சம் டாலர் தர நிறுவனம் இணங்கியது. 2024இல் பார்க் விரிவாக்கத்துக்கு ஒப்புதல் வாங்கியபோது, வீட்டுவசதிக்கு 3 கோடி டாலர் தருவதாகவும் ஒப்புக்கொண்டது. நல்ல செய்தி, வரவேற்கிறேன். அந்த விரிவாக்கத்துக்குச் செலவிடுவதாகச் சொன்னது குறைந்தது 190 கோடி என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இப்போது ஃப்ளோரிடா பக்கம் வாருங்கள். அனஹைம் இருக்கும் மாவட்டம் போலவே அங்கேயும் மாவட்டத்தின் பெயர் ஆரஞ்சு கவுண்டிதான். 2022இல் டிஸ்னியே முன்வந்து, டிஸ்னி வேர்ல்டுக்கு அருகே ஏறத்தாழ 80 ஏக்கரில் 1,300க்கு மேற்பட்ட குறைந்த வாடகை வீடுகளுக்கு இடம் தருவதாக அறிவித்தது. இந்த முறை எதிர்த்தது யார்? பக்கத்தில் சொந்த வீடு வைத்திருந்தவர்கள். ட்ராஃபிக் கூடும், பள்ளிக்கூடத்தில் இடம் இருக்காது, கட்டடம் ரொம்ப உயரம்.

இந்த வார்த்தைகளை எங்கே கேட்டேன் தெரியுமா? நம் வீட்டுக் கொலு மாலைகளில், நம் பொங்கல் விருந்துகளில். நல்ல மனிதர்கள், அள்ளிக் கொடுக்கும் கை. ஆனால் நம் தெரு முனையில் அபார்ட்மென்ட் வருகிறது என்றதும் "நல்ல விஷயம்தான், ஆனா இங்கே வேண்டாமே" என்கிறோம். நானும் பத்து வருடம் முன்பு எங்கள் பகுதியில் அப்படி ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டவன். அந்த இடம் இன்னும் காலி மனையாகவே கிடக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.

போன மாதம் எங்கள் நகர மன்றத்தில் ஒரு வாடகைக் குடியிருப்பு பற்றி விசாரணை நடந்தது. என்னோடு வந்து பேச முடியுமா என்று அந்த அம்மாவைக் கேட்டேன். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எனக்கு ஷிஃப்ட்" என்றார். அதனால் எனக்குக் கொடுத்த இரண்டு நிமிடத்தில் அந்த ரைஸ் குக்கரைப் பற்றி மட்டும் பேசினேன். எதிர்ப்பவர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். ஆதரித்துப் பேசியவர்கள் நான்கு பேர்.

அடுத்த விசாரணை வரும் மாதம். என் காரில் மூன்று இடம் காலியாக இருக்கிறது. வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.