எம்ஜிபி வாங்கப் போறீங்களா? இன்ஜினை விடுங்க, முதல்ல கதவுக்குக் கீழ குனிஞ்சு பாருங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு நம்ம முன்னாடி நிக்கிறது எம்ஜிபி ரோட்ஸ்டர், எம்ஜி கம்பெனியோட பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டு சீட்டு, துணிக் கூரை, 1798 சிசி, நாலு சிலிண்டர். 1962-ல ஆரம்பிச்சு 1980 வரைக்கும் இங்கிலாந்துல ஆபிங்டன் ஃபேக்டரியில கட்டுனாங்க. தகடுக் கூரையோட வந்த ஜிடி கூபேயையும் சேர்த்தா அஞ்சு லட்சத்துக்கு மேல. அதனால ஸ்பேர் பார்ட்ஸுக்குப் பஞ்சமே இல்ல, போல்ட் நட்டுல இருந்து முழு பாடி வரைக்கும் புதுசா வாங்கலாம். வசதிதான். ஆனா அதே காரணத்தால எந்த வருஷத்துக் காரையும் வேற வருஷத்துக் கார் மாதிரி வேஷம் கட்டி நிறுத்திடவும் முடியும்.

இந்தக் காருக்குத் தனியா சேஸ் கிடையாது, பாடிதான் சேஸ். மேல கூரையும் இல்ல. அப்போ முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் வளையாம பிடிச்சு வச்சிருக்கறது எது? நடுவுல கியர்பாக்ஸ் மேல போற டனல், அப்புறம் கதவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் நீளமா ஓடுற பெட்டி. அந்தப் பெட்டியைத்தான் சில்னு சொல்றோம். இன்ஜின் போச்சுன்னா இறக்கி ரிப்பேர் பண்ணி ஏத்திடலாம், கணக்கு முன்னாடியே தெரியும். சில் அழுகிப் போச்சுன்னா வேலை எங்க முடியும்னு யாராலும் சொல்ல முடியாது. அதனால காரைப் பார்க்கற நேரத்துல பாதிக்கு மேல தரையோட தரையா இருங்க.

கையில நல்ல வெளிச்சமான டார்ச், துணி சுத்துன சின்ன காந்தம், நுனி மழுங்குன ஸ்க்ரூ டிரைவர், பல் டாக்டர் வச்சிருக்கற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி, கம்ப்ரெஷன் கேஜ். ஜாக்கியோட ஸ்டாண்டும் வேணும். வெறும் ஜாக்கியை நம்பி காருக்கு அடியில போகாதீங்க, தயவுசெஞ்சு.

சரி, சில். வெளியில இருந்து பார்த்தா ஒரே தகடுதான் தெரியும். உள்ள மூணு தகடு இருக்கு: வெளிச் சில், நடுவுல நிமிந்து நிக்கிற ஒரு சவ்வுத் தகடு, உட்பக்கச் சில். அதுக்கு அடியில காசில் ரெயில்னு ஒரு வளைஞ்ச தகடு. தண்ணி உள்ள போயி, கீழ இருக்கற வடிகால் ஓட்டை மண்ணுல அடைச்சுக்கிட்டா, நடுத் தகடு முதல்ல அழுகும். வெளித் தகட்டுல கொப்புளம் தெரியறதுக்குள்ள உள்ள பாதி காலியாயிருக்கும். ஒழுங்கா மாத்தணும்னா முன் மட்கார்டைக் கழட்டணும், பின் மட்கார்டோட கீழ்ப்பகுதியை வெட்டணும், ஏன்னா சில்லோட ரெண்டு முனையும் அதுகளுக்கு உள்ள போகுது. இந்த வேலைக்குச் சோம்பல் படறவங்க, அழுகுன சில்லு மேலயே இன்னொரு புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டிங் வச்சிடுவாங்க. வெளியில பளபளன்னு இருக்கும், உள்ள பலம் பூஜ்யம். கண்டுபிடிக்கறது சுலபம்: கீழ தகடுகள் சேர்ற விளிம்பை விரலால தடவுங்க. பட்டை ரெட்டிப்பா, தடிமனா, கொஞ்சம் நெளிஞ்சு இருந்தா போர்வைதான். கெட்டியா கறுப்பு அண்டர்கோட் புதுசா அடிச்சிருந்தாலும் சந்தேகப்படுங்க, யாரும் சும்மா அடிக்கறதில்ல.

அடுத்து கதவு. மூடி வச்சு, கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியை மேல இருந்து கீழ வரைக்கும் பாருங்க. மேல ஒட்டிக்கிட்டு, கீழ விரிஞ்சிருந்தா கார் நடுவுல தொய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். சந்தேகமா இருந்தா சில்லுல இருக்கற ஜாக்கி பாயிண்ட்ல வச்சு ஒரு பக்கத்தை மெதுவா தூக்குங்க. தூக்குனதும் கதவு இறுகுதா, இடைவெளி மாறுதா? மாறினா மேற்கொண்டு பார்க்கவே வேணாம். தூக்கும்போது கறமுறன்னு சத்தம் வந்து துருத் தூள் கொட்டுச்சுன்னா ஜாக்கியை உடனே இறக்குங்க, அந்த இடமே கையோட வந்துரும். கதவைத் திறந்த நிலையில அதோட வெளித் தகட்டையும் பாருங்க: முன்னால இருக்கற சின்ன முக்கோணக் கண்ணாடிக்கு நேர் கீழ செங்குத்தா ஒரு விரிசல் இந்தக் காருக்கே உரிய வியாதி. வெல்டிங் வச்சு பட்டி பூசியிருந்தா கொஞ்ச நாள்ல திரும்ப விரியும்.

முன் மட்கார்டுக்குள்ள, சக்கரத்துக்குப் பின்னால ஒரு தடுப்புத் தகடு இருக்கு. அதுக்கு மேல மண்ணு தங்குற ஒரு மேடை. வெளியில மட்கார்டோட மேல் விளிம்புல, கதவுக்குப் பக்கமா பெயின்ட் பொரிஞ்சிருந்தா அங்க ஈரம் வருஷக்கணக்குல உக்காந்திருக்கு. கால் வைக்கற இடத்துல பாயைத் தூக்கிப் பாருங்க, ஈரமா இருந்தா மேல துணிக் கூரையை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. கண்ணாடிக்கு முன்னால காத்து உள்ள போற பெட்டியில இருந்து தண்ணி வடியற குழாய் அடைச்சிருந்தாலும் அங்கதான் கொட்டும். பின்னால போனா, லீஃப் ஸ்பிரிங் முன் முனை பாடியோட சேர்ற பெட்டியைக் குத்திப் பாருங்க, மெத்துன்னு இறங்கக்கூடாது. சீட்டுக்குப் பின்னால பேட்டரிப் பெட்டிகள் இருக்கு. 1974 கடைசி வரைக்கும் ரெண்டு 6 வோல்ட் பேட்டரியை சீரிஸ்ல கோத்து வச்சிருந்தாங்க. மேல இருந்து ஆசிட், கீழ இருந்து ரோட்டுத் தண்ணி. அந்தப் பெட்டி முழுசா இருந்தா அந்தக் காரை யாரோ கவனிச்சு வச்சிருக்காங்கன்னு நான் நினைப்பேன்.

காந்தத்தைப் பத்தி ஒண்ணு. ஆரம்ப காலத்து எம்ஜிபியில பானட் அலுமினியம், அங்க காந்தம் ஒட்டாது. பட்டி நிறைய பூசியிருக்காங்கன்னு சண்டைக்குப் போயிடாதீங்க! சொல்லப்போனா அது நல்ல அறிகுறி. மத்த இடத்துல, முக்கியமா சக்கர வளைவுக்கு மேலயும் மட்கார்டோட கீழ்ப்பகுதியிலயும் காந்தம் வழுக்குச்சுன்னா அது பட்டிதான்.

இப்போ ஒரிஜினாலிட்டி. பானட்டுக்குக் கீழ இருக்கற சேஸ் நம்பர் பிளேட்டைப் படிக்கத் தெரிஞ்சுக்கோங்க. ஜிஎச்என்3-னு ஆரம்பிச்சா: ஜி எம்ஜியைக் குறிக்கும், எச் 1400-ல இருந்து 1999 சிசிக்குள்ள இருக்கற இன்ஜின், என் ரெண்டு சீட்டு திறந்த கார். என் இடத்துல டி இருந்தா ஜிடி கூபே. கடைசி நம்பர் சீரிஸ்: 3 முதல் தலைமுறை, 4 வந்தா 1967 கடைசிக்கு அப்புறம் வந்த மார்க் டூ, அதுக்கப்புறம் 5. நம்பருக்கு அடுத்து எல் இருந்தா இடது பக்கம் ஸ்டீயரிங் வச்சு கட்டுனது, யூ இருந்தா அமெரிக்காவுக்குப் போனது. பிளேட்டுல யூ, காருல வலது பக்கம் ஸ்டீயரிங்னா யாரோ மாத்தியிருக்காங்க. மாத்தறதே தப்புன்னு சொல்ல வரல, ஆனா விலை பேசும்போது அது கணக்குல வரணும். அறுபதுகளோட கடைசியில இருந்து அமெரிக்கக் காருக்கு வேற அடையாளமும் உண்டு: மூணு வைப்பர், தலகாணி மாதிரி உப்புன டேஷ்போர்டு, மட்கார்டு பக்கவாட்டுல மார்க்கர் விளக்கு. விளக்கு ஓட்டையை அடைச்ச தடம் மட்கார்டோட உட்பக்கம் பார்த்தா தெரிஞ்சுரும்.

இன்ஜின் நம்பர்ல ஒரு சூட்சுமம் இருக்கு. அது பிளாக்குல செதுக்குனது இல்ல, வலது பக்கம் ரிவெட் அடிச்ச சின்னத் தகடு. ரிவெட்டைக் கழட்டி வேற பிளாக்குல அடிக்கலாம். அதனால நம்பர் பொருந்துதான்னு மட்டும் பார்க்காதீங்க, ரிவெட் பழசா, சுத்தி பெயின்ட் கலையாம இருக்கான்னும் பாருங்க. 18ஜி, 18ஜிஏ வந்தா மூணு மெயின் பேரிங் (கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கற பேரிங்) இன்ஜின். 1964 கடைசியில வந்த 18ஜிபி-ல இருந்து அஞ்சு பேரிங். 18வி-னு இருந்தா எழுபதுகள்ல வந்தது. 1963 கார்னு சொல்லி 18வி இன்ஜின் காட்டுனா ஒரிஜினல்ங்கற வார்த்தையை அவங்க திரும்ப வாங்கிக்கணும். 48ஜி-னு ஆரம்பிச்சா கம்பெனியே மறுசீரமைச்சுக் கொடுத்த மாற்று இன்ஜின், அதுல ஏமாத்து எதுவும் இல்ல.

வருஷம் சரியான்னு பார்க்க சின்னச் சின்ன விஷயம் போதும். இழுத்துத் திறக்கற கதவுக் கைப்பிடி 1965 வரைக்கும்தான், அப்புறம் பட்டன். மார்க் டூ வர்ற வரைக்கும் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியோட பிளஸ் முனை பாடியோட சேர்ந்திருக்கும்), டைனமோ. அதுக்கப்புறம் நெகட்டிவ், ஆல்டர்னேட்டர். 1974 கடைசியில கறுப்பு ரப்பர் பம்பர் வந்துச்சு, காரையும் ஒன்றரை இன்ச் தூக்கிட்டாங்க. நிறைய பேர் அதைக் கழட்டிட்டு குரோம் பம்பர் மாட்டியிருக்காங்க. முன்னால நின்னா அழகாதான் இருக்கும். ஆனா சீட்டுக்குப் பின்னால ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி, கார் உயரமா நிக்குதுன்னா அது ரப்பர் பம்பர் காலத்துக் கார்தான், சந்தேகமே வேணாம்.

நிறம் மாறியிருக்கான்னு தெரியணும்னா டேஷ்போர்டுக்கு அடியில, கதவு உள்பலகையைக் கழட்டி, டிக்கி மூடியோட உட்பக்கத்துல பாருங்க. அதோட பிரிட்டனோட கேடன்ல இருக்கற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், சேஸ் நம்பரைக் கொடுத்தா ஃபேக்டரிப் பதிவுல இருந்து சான்றிதழ் தருவாங்க: கட்டுன தேதி, நிறம், எந்த நாட்டுக்குப் போச்சு, என்னென்ன வச்சு அனுப்புனாங்கன்னு. வாங்கறதுக்கு முன்னாடியே அதைக் கேளுங்க. இன்னொண்ணு, 1988-ல இருந்து பழைய அச்சுகளை வச்சே புது பாடி அடிச்சு விக்கிறாங்க, ஹெரிடேஜ் ஷெல்னு பேரு. அது போட்ட கார் ஒரிஜினல் இல்ல. ஆனா ஓட்டறதுக்குன்னா, ஏழு தடவை ஒட்டுப்போட்ட ஒரிஜினலை விட அதுதான் என் தேர்வு. விக்கிறவங்க மறைக்காம சொல்லணும், அவ்வளவுதான்.

மெக்கானிக்கல் பக்கம் சீக்கிரம் முடிச்சுடலாம். நீங்க போறதுக்கு முன்னாடி இன்ஜினை ஸ்டார்ட் பண்ண வேணாம்னு சொல்லிடுங்க. போனதும் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா ஏதோ மறைக்கறாங்க. நல்லா சூடான பிறகு ஓடும்போது ஆயில் பிரஷர் 50-ல இருந்து 80 பிஎஸ்ஐ, ஐடில்ல 10-ல இருந்து 25. கம்ப்ரெஷன்ல நாலு சிலிண்டருக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள்ள இருக்கணும். ரெண்டும் மூணும் மட்டும் கம்மியா இருந்தா ஹெட்டைச் சந்தேகப்படுங்க. அந்த ரெண்டுக்கும் எக்ஸாஸ்ட் வழி ஒண்ணுதான், சூடு அங்க அதிகம், வால்வு சீட் பக்கம் விரிசல் விழும். ஒருத்தரை கிளட்சை மிதிக்கச் சொல்லி முன்னால இருக்கற கிராங்க் புல்லியைப் பாருங்க. கண்ணுக்குத் தெரியற அளவு முன்னாடி நகர்ந்தா கிராங்கை முன்னும் பின்னும் நகராம பிடிக்கற த்ரஸ்ட் வாஷர் தேஞ்சிருக்கு. மிதிக்கும்போது கரகரன்னு சத்தம் வந்தா கார்பன் ரிலீஸ் பேரிங் முடிஞ்சுது. சின்ன பார்ட்தான், ஆனா அதை மாத்த இன்ஜினையே வெளியில எடுக்கணும், கியர்பாக்ஸை மட்டும் கீழ இறக்க வழியில்ல.

முன் சக்கரத்தைத் தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லி திரும்ப ஆட்டுங்க. ஆட்டம் நின்னா வீல் பேரிங், நிக்கலைன்னா கிங்பின், அதாவது முன் சக்கரம் திரும்பறதுக்கான அச்சு. ஒவ்வொரு பக்கமும் மூணு கிரீஸ் நிப்பிள் இருக்கு, 3,000 மைலுக்கு ஒருதரம் கிரீஸ் அடிக்கணும். நிப்பிள் காய்ஞ்சு மண்ணு மூடியிருந்தா பராமரிப்பைப் பத்தி விக்கிறவர் சொல்ற எதையும் கேக்க வேணாம். ஸ்போக் வீலா இருந்தா ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால தட்டுங்க. கணீர்னு வரணும், மொத்தைச் சத்தம் வந்தா தளர்ந்திருக்கு. பின் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்ட்பிரேக் போட்டு சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்புனா டக் டக்னு வருதா? ஹப் பல்லு தேஞ்சிருக்கு. புது சக்கரம் மட்டும் வாங்கி தேஞ்ச ஹப்ல மாட்டுனா அதுவும் சீக்கிரம் தேஞ்சுரும்.

ஓட்டும்போது மார்க் ஒன்ல முதல் கியருக்கு சிங்க்ரோ (உரசாம கியர் விழ வைக்கற அமைப்பு) கிடையாது, அதனால வண்டி நின்ன பிறகுதான் போடணும், சத்தம் வந்தா பயப்படாதீங்க. ரெண்டாவது கியருக்கு இறக்கும்போது கரகரத்தா அது தேய்மானம். ஓவர்டிரைவ் (சுவிட்ச்ல போடற கூடுதல் உயர் கியர்) இருந்தா நாலாவது கியர்ல சுவிட்சைப் போட்டதும் ஒரு நொடியில ஆர்பிஎம் இறங்கணும். இழுத்தடிச்சா ஆயில் அளவு, இல்ல சோலினாய்டு.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு பெரிய அட்டைப்பெட்டித் தாளை வெட்டி வச்சிருங்க. திரும்பி வந்து நிறுத்துனதும் காருக்கு அடியில விரிச்சு, இருபது நிமிஷம் காரோட பேப்பரை எல்லாம் படிச்சு முடிச்சுட்டு வெளியில இழுங்க. மூணு பேரிங் இன்ஜின்ல பின்பக்கம் ரெண்டு மூணு துளி ஆயில் இயல்பு, அங்க ரப்பர் சீலே கிடையாது, சுருள் வெட்டுதான் ஆயிலைத் திருப்பி அனுப்புது. குட்டையா தேங்கியிருந்தா வேற கதை. கெட்டியா இல்லாம தண்ணி மாதிரி, சக்கரத்துக்கு நேர் கீழ துளி இருந்தா அது பிரேக் ஆயில். அதைச் சரி பண்ற வரைக்கும் காரை லாரியில ஏத்திக் கொண்டு போங்க, ஓட்டிட்டுப் போகாதீங்க.