ஸிப் செய்து சிங்க் செய்யாதீர்கள்: சுருக்கம் எங்கே நடக்க வேண்டும்?

[திரையில்: இரண்டு கணினிகள், நடுவே ஒரு கோடு]

ஃபைல் சிங்க் கருவி, அதாவது இரண்டு கணினிகளில் உள்ள ஃபைல்களை ஒன்றுபோல் வைக்கும் கருவி ஒன்றை எழுதுகிறீர்கள். நெட் மெதுவாக இருக்கிறது. ஃபைலை ஸிப் ஆக்கி அனுப்பிவிடலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம்.

நல்ல சிங்க் கருவி மாறிய பகுதியை மட்டும்தான் அனுப்பும். 1996-இல் வந்த ஆர்சிங்க் செய்வது இதைத்தான். மறுமுனையில் உள்ள பழைய ஃபைலைத் துண்டு போட்டு, ஒவ்வொன்றுக்கும் செக்சம் (துண்டின் உள்ளடக்கத்தை அடையாளம் காட்டும் சிறிய எண்) கணக்கிட்டு, புதியதோடு ஒப்பிடுகிறது. 100 எம்பி லாக் ஃபைலில் முதல் வரி மாறினால், அந்தத் துண்டு மட்டும் போகும்.

[திரையில்: இரண்டு ஜிஸிப் ஃபைல்களின் பைட்டுகள் அருகருகே, மாறியவை சிவப்பில்]

அதே ஃபைலை, மாறும் முன்னும் பின்னும், ஜிஸிப் என்ற சுருக்கும் கருவியால் சுருக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் வரியைத் தாண்டியும் சிவப்பு நிற்கவில்லை, கடைசிவரை ஓடுகிறது. முன்னால் வந்ததை வைத்துத்தான் ஜிஸிப் பின்னால் வருவதைப் பிட் பிட்டாக எழுதுகிறது. தொடக்கத்தில் ஓரிரு பிட் கூடினாலே பின்னால் உள்ளதெல்லாம் நகர்ந்துவிடும். பழைய துண்டு எதுவும் பொருந்தாமல், கிட்டத்தட்ட முழு ஃபைலும் மறுபடி போகும். இதற்காகவே ஜிஸிப்பில் 'ஆர்சிங்கபிள்' என்ற ஆப்ஷனே உண்டு. சுருக்கத்தை நடுநடுவே புதிதாகத் தொடங்கி, பாதிப்பு பரவாமல் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் மாறிய துண்டுகளைக் கண்டுபிடியுங்கள். அவற்றைச் சுருக்குங்கள். அப்புறம்தான் என்கிரிப்ஷன், அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது. என்கிரிப்ட் ஆன தரவில் திரும்ப வரும் கோலம் எதுவும் இருக்காது, அதைச் சுருக்கப் பார்ப்பது வீண்.

எல்லாவற்றையும் சுருக்கவும் வேண்டாம். ஜேபெக், எம்பி4 எல்லாம் ஏற்கெனவே சுருங்கியவை. இவற்றை ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியைப் பார்த்து ஒதுக்க ஆர்சிங்கில் ஒரு ஆப்ஷன் வைத்தார்கள். பெயரை மட்டும் நம்புவது எனக்குப் போதாது. துண்டைச் சுருக்கிப் பாருங்கள், சிறிதாகவில்லையா, அப்படியே அனுப்புங்கள். அனுப்பியது சுருக்கியதா, சுருக்காததா என்று சொல்ல ஒரு பைட் போதும்.

எந்தச் சுருக்கும் முறை? 2020-இல் ஆர்சிங்க் 3.2.0, பழைய இசட்லிப்போடு எல்இசட்4, இசட்ஸ்டாண்டர்ட் இரண்டையும் சேர்த்தது. வேகம்தான் முக்கியம் என்றால் எல்இசட்4. மெதுவான இணைப்பில் இசட்ஸ்டாண்டர்ட் நன்றாகச் சுருக்கும். இரு முனைக்கும் தெரிந்த முறை எது என்பதை இணைப்பு தொடங்கும்போதே பேசி முடித்துவிடுங்கள்.

[திரையில்: சின்னத் துண்டு ஒன்று விரிந்து நினைவகத்தை நிரப்புகிறது]

கடைசியாக, பெறும் முனை. சில எம்பி அளவில் வரும் தரவு, விரிந்தால் ஜிபி கணக்கில் போகலாம். அதனால் விரிக்கும்போதே துண்டின் உச்ச அளவைச் சரிபாருங்கள். தாண்டினால், இணைப்பை அங்கேயே துண்டியுங்கள்.